போப்பாண்டவர் இல்லாத பதினேழு நாட்கள்

நம் சங்கத்து அன்பர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் 2025 ஏப்ரல் 21-ம் தேதி போப் பிரான்சிஸ் மறைந்த செய்தி வந்ததிலிருந்து, மே 8-ம் தேதி இரவு புதியவர் தேர்ந்தெடுக்கப்படும் வரை, எங்கள் தேவராஜ மொஹல்லாவில் என்னிடம் பேச்சுக் கொடுத்தவர்கள் பலரும் ஏதாவது ஒரு சந்தேகம் கேட்டார்கள். மார்க்கெட்டில் பூ வாங்கப் போனாலும் கேள்வி, மருந்துக் கடையில் நின்றாலும் கேள்வி. "போப்பு இல்லாமல் பூசை நடக்குமா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். "உங்களுக்கெல்லாம் ஓட்டு உண்டா, அண்ணா?" என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் என்ற தகுதி ஒன்றுதான் எனக்கு உண்டு. அன்று நின்ற இடத்தில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மாணவரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஓட்டு இல்லை. உலகில் கத்தோலிக்கர் ஏறத்தாழ 140 கோடிப் பேர். இந்தத் தடவை ஓட்டுப் போட்டவர்கள் 133 பேர். மற்றவர்கள் எல்லாரும் காத்திருப்பவர்கள். இப்படிக் காத்திருப்பவர்களுக்கு இந்தத் தேர்தலில் ஒரு பங்கும் இல்லை என்று தோன்றலாம். ஆனால் இதன் விதிகள் எப்படி வந்தன என்று பார்த்தால், அவற்றில் முக்கியமானவை வெளியே காத்திருந்த மக்களுக்காக உண்டானவை என்பது விளங்கும். அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலி இருக்கையும் குடையும்

நம் தாத்தா பாட்டிமார் 'பாப்பு' என்றும் 'பாப்பரசர்' என்றும் சொன்னார்கள். பத்திரிகைகள் 'போப்பாண்டவர்' என்றன. இன்று தமிழ்க் கோயில்களில் 'திருத்தந்தை' என்கிறார்கள். எல்லாம் ஒருவரையே குறிக்கும். அவர் ரோமாபுரி நகரத்தின் ஆயர். இயேசுவின் சீடர்களில் தலைவரான பேதுருவின் இடத்தில் இருப்பவர் என்பதால் உலகக் கத்தோலிக்கர் அனைவருக்கும் தலைவர். அவர் இறந்தாலோ, 2013-ல் பதினாறாம் பெனடிக்ட் செய்ததுபோல் பதவி விலகினாலோ, அந்த இருக்கை காலியாகிறது. இந்த இடைக்காலத்துக்கு லத்தீனில் 'செதே வகாந்தே' என்று பெயர். 'இருக்கை காலியாக இருக்கும்போது' என்பது பொருள்.

இக்காலத்தில் வத்திக்கான் வெளியிடும் தபால்தலையிலும் நாணயத்திலும் ஒரு சின்னம் இருக்கும். விரித்த குடை ஒன்று, அதன் கீழே குறுக்காக வைத்த இரண்டு சாவிகள். குடை இருக்கிறது, குடைக்குக் கீழே ஆள் இல்லை. வெண்கொற்றக் குடையைப் பற்றிப் படித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மைசூரில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிதில் புரியும். 2013 டிசம்பரில் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் வாரிசு இன்றி மறைந்தார். 2014 தசராவில் அரண்மனையின் தங்கச் சிம்மாசனத்தில் அமர ஆள் இல்லை. பட்டத்துக் கத்தியை அதில் வைத்து தர்பார் சடங்கை நடத்தினார்கள். 2015-ல் யதுவீர் தத்தெடுக்கப்பட்டு, அந்த ஆண்டு மே மாதம் பட்டம் சூட்டப்பட்டது. காலி இருக்கையை மரியாதையோடு காத்து வைப்பது எப்படி என்பது இந்த ஊருக்குத் தெரிந்த விஷயம்தான். வேறுபாடு ஒன்று: அரண்மனையில் தத்து எடுக்கலாம். போப்புக்கு வாரிசும் கிடையாது, தத்தும் கிடையாது. தமக்குப் பின் யார் என்று அவர் எழுதி வைக்கவும் முடியாது.

இருக்கை காலியாக உள்ளபோது பூசை நிற்காது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் வழக்கம்போல் நடக்கும். ஒரே ஒரு வித்தியாசம் காதில் விழும். ஒவ்வொரு பூசையிலும் போப்பின் பெயரையும் அந்த ஊர் ஆயரின் பெயரையும் சொல்லிக் குருவானவர் ஜெபிப்பது வழக்கம். போப் இல்லாத நாட்களில் அவர் பெயர் வரவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவார். பன்னிரண்டு ஆண்டுகளாகப் 'பிரான்சிஸ்' என்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இடம் வந்ததும் படி ஒன்று குறைந்த ஏணிபோல் இருக்கும்.

வத்திக்கானில் நிலைமை வேறு. இலாகாத் தலைவர்கள் அனைவரும், ஒருசிலர் நீங்கலாக, அந்தக் கணமே பதவி இழக்கிறார்கள். 'கமெர்லெங்கோ' எனப்படும் கர்தினால் ஒருவர் அன்றாட நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்வார். 2025-ல் அந்தப் பொறுப்பில் இருந்தவர் கெவின் ஃபாரல். மறைந்தவரின் முத்திரை மோதிரத்தை, வேறு எவரும் அதைக் கொண்டு முத்திரை குத்த முடியாதபடி, சிதைத்து விடுகிறார்கள். பொதுவிதி ஒன்றுதான்: இருக்கை காலியாக உள்ளபோது புதிதாக எதையும் செய்யக் கூடாது. புதிய சட்டம் இல்லை, புதிய நியமனம் இல்லை.

மைசூரில் இரண்டு இருக்கைகள்

இந்தக் கடைசி விதிதான் மைசூர்க்காரர்களாகிய எங்களைத் தொட்டது. ரோமாபுரியில் ஓர் இருக்கை காலியான அந்த ஏப்ரலில், அசோகா ரோட்டில் உள்ள புனித பிலோமினா பேராலயத்தின் ஆயர் இருக்கையும் காலியாகத்தான் இருந்தது. 2023 ஜனவரியில் மைசூர் மறைமாவட்டத்தின் நிர்வாகத்தை, பெங்களூரின் முன்னாள் பேராயர் பெர்னார்டு மொராஸிடம் ரோமாபுரி ஒப்படைத்தது. 2025 ஜனவரியில் ஆயர் வில்லியத்தின் பதவி விலகலைப் போப் பிரான்சிஸ் ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆயரை அவர்தான் நியமிக்க வேண்டும். பிப்ரவரி 14-ம் தேதி அவர் நுரையீரல் கோளாறுடன் மருத்துவமனையில் சேர்ந்தார். ஏப்ரல் 21-ல் மறைந்தார்.

ஓர் ஆயர் எப்படி நியமிக்கப்படுகிறார் என்பதைச் சொன்னால் இதன் கனம் தெரியும். டெல்லியில் உள்ள வத்திக்கான் தூதர், தகுதியுள்ள குருமார்களைப் பற்றிப் பலரிடம் இரகசியமாக விசாரித்து மூன்று பெயர்களை ரோமாபுரிக்கு அனுப்புவார். லத்தீன் முறையைப் பின்பற்றும் இந்திய மறைமாவட்டங்களின் காகிதங்கள் அங்கே நற்செய்தி அறிவிப்புப் பணித் துறைக்குப் போகும். அவர்கள் ஆராய்ந்து சொன்ன பிறகு போப் முடிவு செய்வார். போப் இல்லாவிட்டால் காகிதம் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கும். நிர்வாகி நாள்படி வேலைகளைப் பார்ப்பார். ஆனால் தலைவர் யார் என்ற கேள்விக்குப் பதில் வராது. வாடகை வீட்டில் உரிமையாளர் காலமாகி, வாரிசு யார் என்று தெரியாமல் ஆணி அடிக்கவும் தயங்கிக் குடியிருப்பவர்களின் நிலைமையை நம் குடும்பங்களில் பலர் அறிவார்கள். ஏறத்தாழ அப்படித்தான்.

ஆகவே அந்தப் பதினேழு நாட்கள் எங்களுக்குத் தொலைக்காட்சி வேடிக்கை அல்ல. ரோமாபுரியில் கதவு திறந்தால்தான் மைசூரில் அடுத்த கதவு திறக்கும்.

சாவி வந்த கதை

போப்பைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்குக் 'கான்க்ளேவ்' என்று பெயர். லத்தீனில் 'சாவியோடு' என்ற பொருள் தரும் சொல். ஓட்டுப் போடுகிறவர்களை உள்ளே வைத்துப் பூட்டுவதால் இந்தப் பெயர். இந்தப் பூட்டு எப்படி வந்தது?

1268 நவம்பரில் நான்காம் கிளமெண்ட் என்ற போப், இத்தாலியில் விட்டெர்போ என்ற ஊரில் இறந்தார். புதியவரைத் தேர்ந்தெடுக்க அங்கே கூடிய கர்தினால்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு பக்கம் பிரான்சுக்கு ஆதரவு, மறுபக்கம் எதிர்ப்பு. மாதம் போயிற்று, வருடம் போயிற்று. முடிவு வரவில்லை. இத்தனை பெரிய மனிதர்களுக்கும் அவர்களுடைய பரிவாரத்துக்கும் சோறு போட்டு அலுத்துப்போன ஊர் மக்கள், கடைசியில் அவர்களை மாளிகைக்குள் வைத்து அடைத்தார்கள். சாப்பாட்டைக் குறைத்தார்கள். அதற்கும் மசியாதபோது மாளிகையின் கூரையைப் பிரித்தார்கள் என்று பழைய வரலாறுகள் கூறுகின்றன. 1271 செப்டம்பர் 1-ம் தேதி ஒருவழியாக முடிவு வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் அந்த அறையில் இல்லை, கர்தினாலும் இல்லை. பாலஸ்தீனக் கரையில் ஆக்ரா என்ற ஊரில் இருந்த தெபால்டோ விஸ்கோந்தி என்பவர். அவரே பத்தாம் கிரகோரி.

இரண்டே முக்கால் ஆண்டு நீடித்த அந்தக் காத்திருப்பு மறுபடி வரக்கூடாது என்று அவர் எண்ணினார். 1274-ல் லியோன் நகரச் சங்கத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். போப் இறந்த பத்தாம் நாள் கர்தினால்கள் கூடவேண்டும். ஒரே அறையில் பூட்டப்படவேண்டும். மூன்று நாளில் முடிவு வராவிட்டால் வேளைக்கு ஒரே பதார்த்தம். மேலும் ஐந்து நாள் ஆகிவிட்டால் ரொட்டி, தண்ணீர், திராட்சை ரசம் மட்டும். விட்டெர்போ மக்கள் கோபத்தில் செய்ததை அவர் சட்டமாகவே எழுதிவிட்டார். கர்தினால்களுக்கு இது பிடிக்கவில்லை. 1276-ல் சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. பலன், 1292 ஏப்ரலில் தொடங்கி 27 மாதம் போப் இல்லாமல் போயிற்று. 1294-ல் சட்டம் திரும்ப வந்தது. அன்றிலிருந்து சாவி நிலைத்துவிட்டது.

இன்றைய விதிகள் இரண்டாம் ஜான் பால் 1996-ல் வெளியிட்ட சட்டத்தில் உள்ளவை. பதினாறாம் பெனடிக்ட் 2007-லும் 2013-லும் சில திருத்தங்கள் செய்தார். உணவுத் தண்டனை இப்போது இல்லை. இருக்கை காலியானபின் பதினைந்து முழு நாட்கள் காத்திருந்து கூட்டம் தொடங்கவேண்டும். இருபது நாளுக்கு மேல் தள்ளிப் போடக் கூடாது. ஓட்டுரிமை உள்ள எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டால் முன்னதாகவும் தொடங்கலாம்.

மைசூர் காத்திருந்த இன்னொரு வருடம்

இக்காலத்தில் செய்தி நொடியில் வந்துவிடுகிறது. அப்படி வராத காலத்தில் நம் பக்கத்து மக்கள் எப்படிக் காத்திருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க 1799-ம் ஆண்டு உதவும். அந்த ஆண்டு மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். ஜூன் 30-ல் சிறுவரான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்குப் பட்டம் கட்டினார்கள். ஆகஸ்ட் 29-ல் போப் ஆறாம் பயஸ், பிரெஞ்சுப் புரட்சி அரசின் கைதியாக வாலன்ஸ் என்ற ஊரில் இறந்தார். ரோமாபுரியில் கூட வழியின்றிக் கர்தினால்கள் வெனிஸ் நகரத்துத் தீவு ஒன்றில் கூடினார்கள். மூன்று மாதத்துக்கு மேல் இழுபறியாகி, 1800 மார்ச் 14-ல் ஏழாம் பயஸைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரே ஆண்டில் மைசூர்ச் சீமைக் கிறிஸ்தவர்களுக்கு நாட்டின் அரசர் மாறினார், தங்கள் சமயத்தின் தலைவரும் இல்லாமல் போனார். அரசர் மாறியது அன்றே தெரிந்திருக்கும். போப் இறந்தது, ஆப்பிரிக்கா முனையைச் சுற்றிக் கப்பல் வரவேண்டிய அந்நாளில், மாதக்கணக்கில் தெரிந்திருக்காது. இறந்தவருக்காக 'நலமாயிருக்க' என்று இங்கே ஜெபித்துக்கொண்டிருந்திருப்பார்கள். திப்புவின் வீழ்ச்சிக்குப் பிறகு சிதறிக் கிடந்த அந்தச் சிறு கூட்டத்தைத் திரட்ட வந்தவர்தான் பிரெஞ்சுக் குருவான அபே துபுவா. இந்து வழக்கங்களைப் பற்றிய நூலால் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றவர் அவரே. தலைவர் யார் என்றே தெரியாத மாதங்களில் இங்கே கோயில் நடந்தது, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. பெரியம்மாவின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஓட்டுப் போடுவது யார்? நம்மவர் உண்டா?

கர்தினால்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம். அதிலும் எண்பது வயது நிறையாதவர்கள் மட்டும். இந்த வயது வரம்பை ஆறாம் பால் 1970-ல் கொண்டுவந்தார். வெளி ஆட்களின் கை இதில் நுழையாமல் இருக்கவும் விதி உண்டு. 1903-ல் பதின்மூன்றாம் லியோ மறைந்தபின் கூடிய கூட்டத்தில், ரம்பொல்லா என்ற கர்தினாலுக்கு ஓட்டு ஏறிக்கொண்டிருந்தது. ஆஸ்திரியச் சக்கரவர்த்திக்கு அவர் வேண்டாம் என்று க்ரகோவ் நகரக் கர்தினால் எழுந்து அறிவித்தார். பழைய கத்தோலிக்க அரசர்கள் இப்படி ஒரு மறுப்புரிமை கொண்டாடி வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பத்தாம் பயஸ், 1904-ல் செய்த முதற்காரியங்களில் ஒன்று அந்த உரிமையை அடியோடு ஒழித்தது.

2025-ல் இந்தியாவிலிருந்து நால்வர் ஓட்டுப் போட்டார்கள். கோவாவின் பிலிப்பெ நேரி ஃபெர்ராவ், திருவனந்தபுரத்தின் பசேலியோஸ் கிளீமிஸ், ஹைதராபாத்தின் அந்தோணி பூலா, கேரளத்தின் சங்கனாச்சேரியைச் சேர்ந்தவரும் வத்திக்கானில் பணியாற்றுபவருமான ஜார்ஜ் ஜேக்கப் கூவக்காட். இவர்களில் பூலா, தலித் சமூகத்திலிருந்து கர்தினால் ஆன முதல்வர். இலங்கையிலிருந்து கொழும்புப் பேராயர் மால்கம் ரஞ்சித் வந்திருந்தார். மும்பையின் ஆஸ்வால்ட் கிரேஷியஸ் 2024 டிசம்பரில் எண்பதைத் தொட்டுவிட்டதால் ஓட்டுப் போட முடியவில்லை.

தமிழர் உண்டா என்று கேட்டவர்களுக்கு ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னேன். தென்னாற்காட்டுக் கல்லேரியில் 1924-ல் பிறந்த சைமன் லூர்துசாமி அவர்கள். நமக்கு அடுத்த வீட்டுக்காரர் என்றே சொல்லலாம், ஏனெனில் 1968 முதல் 1971 வரை பெங்களூர்ப் பேராயராக இருந்தார். பிறகு ரோமாபுரிக்கு அழைக்கப்பட்டார். இந்திய ஆயர்களின் காகிதங்கள் போகும் துறை என்று மேலே சொன்னேனே, அதே துறையின் செயலாளராக 1973 முதல் இருந்தார். 1985-ல் கர்தினால் ஆனார். கீழைச் சபைகளுக்கான துறைக்குத் தலைவராகவும் இருந்தார். ஆனால் அவர் ஒரு போப்பைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போட்டதே இல்லை. இரண்டாம் ஜான் பால் 1978 முதல் 2005 வரை ஆட்சி செய்தார். அவர் மறைந்து தேர்தல் வந்தபோது லூர்துசாமிக்கு 81 வயது. கர்தினாலாக இருபது ஆண்டு காத்திருந்தும், வாய்ப்பு ஒரு வயது தள்ளி வந்தது. 2013-லும் கதவுக்கு வெளியேதான் இருந்தார். 2014-ல் ரோமாபுரியில் மறைந்தார். சிவப்புத் தொப்பி அணிந்தவரும் எங்களைப்போல் புகைக்குக் காத்திருக்க நேர்ந்தது.

பூட்டிய கதவுக்குள்

ஓட்டு நடக்குமிடம் மைக்கேல் ஆஞ்சலோவின் ஓவியங்கள் உள்ள சிஸ்டைன் ஆலயம். அலைபேசி, பத்திரிகை எதுவும் உள்ளே போகாது. உள்ளே நடப்பதை வெளியில் சொல்வதில்லை என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்வார். பிறகு வேண்டாதவர் அனைவரும் வெளியேறுமாறு லத்தீனில் ஒரு குரல் எழும், கதவு மூடும்.

முதல் நாள் ஒரு சுற்று. அடுத்த நாட்களில் காலை இரண்டு, மாலை இரண்டு. சீட்டின் மேல்பாதியில் 'தலைமைக் குருவாக நான் தேர்ந்தெடுக்கிறேன்' என்று லத்தீனில் அச்சிட்டிருக்கும். கீழ்ப்பாதியில் பெயரை எழுதவேண்டும். தம் கையெழுத்து என்று அடையாளம் தெரியாதபடி எழுதவேண்டும் என்பது விதி. சீட்டை மடித்து, எல்லாரும் காணும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு பீடம்வரை நடந்து, தட்டில் வைத்துப் பாத்திரத்தில் சரிப்பார்கள். ஓட்டு எண்ணுபவர் மூவர், நோயாளிகளின் அறைக்குப் போய் ஓட்டு வாங்குபவர் மூவர், எண்ணிக்கையைச் சரிபார்ப்பவர் மூவர். இந்த ஒன்பது பேரையும் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கவேண்டும். சீட்டு எடுக்கும் கடமை, பதவி வரிசையில் கடைசியாக உள்ள கர்தினாலுடையது. 2025-ல் அந்த இடத்தில் இருந்தவர் நம் கூவக்காட்தான். எண்ணி முடித்த சீட்டுகளை, 'தேர்ந்தெடுக்கிறேன்' என்ற சொல்லின்மேல் ஊசி செலுத்தி நூலில் கோப்பார்கள். நம் தேவராஜா மார்க்கெட்டில் பூக்கட்டுகிறவர்கள் பார்த்தால் புன்னகை செய்வார்கள்.

ஜெயிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 133 பேருக்கு 89 ஓட்டு. பாதிக்கு மேல் கிடைத்தால் போதாதா என்று கேட்கலாம். 1159-ல் கர்தினால்கள் பிளந்து இரண்டு பேரைப் போப் என்று அறிவித்தார்கள். சண்டை ஏறத்தாழ இருபது ஆண்டு நீடித்தது. அதில் ஒரு தரப்புப் போப்பாக இருந்து வென்ற மூன்றாம் அலெக்சாண்டரே 1179-ல் இந்த மூன்றில் இரண்டு விதியைக் கொண்டுவந்தார். 1996-ன் சட்டம், முப்பது சொச்சம் சுற்றுகளுக்குப் பிறகும் முடிவு வராவிட்டால் பாதிக்கு மேல் போதும் என்று இடம் கொடுத்தது. அப்படியானால் பாதிக்கு மேல் கையில் உள்ள அணி, யாரிடமும் பேசாமல் நாளைக் கடத்தினாலே போதும் அல்லவா? பெனடிக்ட் 2007-ல் அந்தச் சலுகையை நீக்கினார். இப்போது, நீண்ட இழுபறி ஆனால் முதல் இருவருக்குள் மட்டும் போட்டி. அப்போதும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அந்த இருவருக்கும் ஓட்டு இல்லை. எதிர்த்தவர்களில் ஒரு பகுதியாவது மனம் மாறி வந்து சேராமல் எவரும் போப் ஆக முடியாது. வெளியே நிற்கும் 140 கோடிப் பேரும் முடிவை ஏற்றுக்கொள்வதற்கு இதுவே பலமான காரணம்.

இனிப் புகை. இரண்டு சுற்று முடிந்ததும் சீட்டுகளை அடுப்பில் எரிப்பார்கள். முடிவு இல்லையென்றால் கரும்புகை, முடிவு வந்தால் வெண்புகை. காகிதத்தை மட்டும் எரித்தால் நிறம் சாம்பலாகிக் குழப்பம் வரும். 1958-ல் அப்படி ஒரு குழப்பம் நேர்ந்தது. இப்போது பக்கத்தில் இன்னோர் அடுப்பில் இரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். கரும்புகைக்குப் பொட்டாசியம் பெர்குளோரேட், ஆந்த்ரசீன், கந்தகம். வெண்புகைக்குப் பொட்டாசியம் குளோரேட், பால் சர்க்கரை, பைன் மரப் பிசின். வெண்புகையோடு மணியும் அடிப்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்குப் புகை வேண்டியதில்லை, அவர்களுக்கு முடிவு தெரியும். புகை முழுக்க முழுக்க வெளியே நிற்பவர்களுக்காக.

அந்த இரண்டு இரவுகள்

கதவு மூடிய மே 7-ம் தேதி, நம் நாட்டில் வேறொரு கவலை. அன்று அதிகாலையில்தான் ஆபரேஷன் சிந்தூர் தாக்குதல் நடந்திருந்தது. எந்தச் சானலைத் திருப்பினாலும் போர்ச் செய்தி. திரையின் ஓரத்தில் சின்னக் கட்டமாகப் புகைபோக்கி. எல்லையில் பணிபுரியும் பிள்ளைகள் உள்ள வீடுகளும் நம் தமிழர்களிடையே உண்டு. அவர்களுக்கு ரோமாபுரியைப் பற்றி நினைக்க நேரம் இருந்திருக்காது. நானும் இரண்டு செய்திக்கும் சேர்த்தே ஜெபித்தேன்.

முதல் கரும்புகை வந்தபோது நம் நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டரை. மே 8 பிற்பகல் மறுபடி கரும்புகை. அன்று இரவு 9.37-க்கு வெண்புகை. நான்காவது சுற்றிலேயே முடிந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்குப் பின் கர்தினால் மம்பெர்ட்டி மாடத்துக்கு வந்து பெயரை அறிவித்தார். ராபர்ட் பிரான்சிஸ் ப்ரெவோஸ்ட். சிகாகோவில் 1955-ல் பிறந்தவர். அமெரிக்க ஐக்கிய நாட்டிலிருந்து போப் ஆன முதல்வர். ஆயினும் பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் பெரு நாட்டில் கழித்து, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றவர். புலம்பெயர்ந்து இன்னோர் ஊரைத் தன் ஊராக்கிக்கொள்வது என்னவென்று அறிந்தவர் என்று நம் வாசகர்கள் புரிந்துகொள்வார்கள். அகஸ்தீன் சபையின் உலகத் தலைவராக இருந்தபோது கேரளத்துக்கும் வந்திருக்கிறார். மாடத்தில் நின்று அவர் பேசிய பேச்சு சமாதானம் என்ற வாழ்த்தோடு தொடங்கியது. மூன்றாம் நாள் ஞாயிறு, மே 11-ல், இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டையை நிறுத்தியதை வரவேற்றுப் பேசினார்.

அவர் எடுத்துக்கொண்ட பெயர் பதினான்காம் லியோ. இந்தப் பெயரில் மைசூருக்கு ஒரு தனிச் சொந்தம் உண்டு. முன்னவரான பதின்மூன்றாம் லியோதான் 1886 செப்டம்பர் 1-ம் தேதி இந்தியாவின் திருச்சபை நிர்வாகத்தை முறையாக அமைத்தவர். மைசூர் மறைமாவட்டம் அப்போது உண்டானது. ஒரு லியோ தொடங்கிவைத்த மறைமாவட்டத்தின் காலி இருக்கையை அடுத்த லியோ நிரப்பினார். 2025 ஜூலையில், சிவமொக்காவின் ஆயராக இருந்த இயேசு சபைக் குரு பிரான்சிஸ் செராவ், மைசூரின் ஆயராக நியமிக்கப்பட்டார். ரோமாபுரிக் கதவு திறந்து இரண்டு மாதம் கழித்து எங்கள் கதவும் திறந்தது.

நம் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் உடனே பதில் கிடைக்கும் காலத்தில் வளர்கிறார்கள். ஓட்டு இல்லாதவனுக்கு என்ன அக்கறை என்று அவர்கள் கேட்பது நியாயமே. விட்டெர்போவில் கூரை பிரித்தவர்களுக்கும் ஓட்டு இல்லை என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். இனி எப்போதாவது அந்தப் புகைபோக்கியைத் தொலைக்காட்சியில் காட்டும்போது அவர்களையும் அருகில் அழைத்து உட்காரவைத்து, புகை யாருக்காக என்று கேட்டுப் பாருங்கள்.